தராசு பாய் கையை எடுத்த சாயங்காலம்

ஜவ்வாது மலையில் காற்று எந்தப் பக்கம் வீச வேண்டும், பனி எப்போது இறங்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எவ்வளவு மூச்சு விடலாம் என்பதையெல்லாம் ஒரு காலத்தில் ஒரே ஒரு மனிதர்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தார். அவர் ரேஞ்சர் இல்லை, தாசில்தார் இல்லை, மலையேறி வந்த சாமியாரும் இல்லை. ஜமுனாமரத்தூர் கடுக்காய் டிப்போவில் எடை போடுகிறவர். மலைக்கும் அடிவாரத்துக்கும் அவர் தராசு பாய். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவரே திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்.

போன மாதம் எங்கள் வீட்டுக்குப் புது டெலிவிஷன் வந்தது. கடைக்காரர் மொட்டைமாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, வாசலில் நின்று ஒருத்தர் "தெரியுது" என்க, உள்ளேயிருந்து இன்னொருத்தர் "போச்சு" என்க, மூத்தவனுக்கு வெளிச்சம் கூட வேண்டும், இளையவளுக்குக் கறுப்பு இன்னும் கறுப்பாக வேண்டும், எதிர்வீட்டு மாமாவுக்கு எதுவானாலும் சத்தமாக வேண்டும் என்று ஆளுக்கொரு குமிழைத் திருகி, கடைசியில் அன்றைய ஒளிபரப்பு முடிந்துபோய் வெறும் புள்ளி மழையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனோம். தராசு பாய் இருந்திருந்தால் அந்தப் புள்ளி மழையைக்கூடப் பார்க்க விட்டிருக்கமாட்டார். முதலில் மேசை சமமாக இருக்கிறதா என்று கேட்டிருப்பார்.

கடுக்காய் இல்லாமல் வாணியம்பாடியில் தோல் பதனிட முடியாது. மலைக்காரர்கள் காட்டில் பொறுக்கிக் காயவைத்துக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வருவார்கள். எங்கள் டிப்போவில் எடை போட்டு, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி, மலைக்குக் கீழே இருக்கும் முதலாளி சாயபுவின் தோல் ஷாப்புக்கு அனுப்புவோம். மானேஜர் நாயுடு. லாரி ஓட்டுகிறவன் மாணிக்கம்; அவன் ஏறி உட்கார்ந்தால் லாரி ஒரு பெருமூச்சு விடும். எங்களுக்குச் சமைத்துப் போட்டவள் நெல்லிவாசல் பக்கத்துக் கன்னியம்மா. கணக்கு எழுதினவன் நான். அதனால் என் பெயரும் அங்கே கணக்குதான்.

புளியங்கிளையில் தொங்கும் பெரிய தராசுக்கு முன்னால் பாய் நிற்பதைப் பார்க்க வேண்டும். நெடுநெடுவென்று மெலிந்த உடம்பு, முகவாயில் மட்டும் தாடி. இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதை யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு எடையே கிடையாது. தட்டு ஆடும்போது விற்கிறவன் "ஏறிப்போச்சு பாயி" என்று கத்துவான். கையை ஆட்டுவான், தலையில் அடித்துக்கொள்வான், கடுக்காய்க் கூடைமேல் சத்தியம் பண்ணுவான். பாய் அவன் வாயையும் பார்க்கமாட்டார், கையையும் பார்க்கமாட்டார். நடுவில் ஆடுகிற முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு, உலகம் தோன்றுவதற்கு முன்னாலேயே அங்கே நின்றவர்போல நிற்பார். முள் அசைவற்று நின்றதும் கையை எடுப்பார். அவர் கையை எடுத்துவிட்டால் எடை முடிந்தது. அதற்கு மேலே பேச்சு இல்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் முதலாளி ரேடியோவைக் கொடுத்தார்.

மலையில் பொழுதுபோக்கு இல்லாமல் ஆட்கள் நிற்பதில்லை என்று யாரோ அவர் காதில் போட, மரப்பெட்டி ரேடியோ ஒன்றை வாங்கி வைக்கோல் சுற்றி லாரியில் அனுப்பினார். மின்சாரம் அப்போது மலையேறவில்லை. செங்கல் பருமனில் ஒரு பாட்டரி கூட வந்தது. "பாயைத் தவிர வேற யாரும் அதுமேல கை வெக்கக் கூடாது" என்று முதலாளி சொல்லியனுப்பியதை மாணிக்கம் நாயுடு முன்னால், நாயுடு முகம் சுருங்கச் சுருங்க ஒப்பித்தான்.

"சரி பாய், போடுங்க, கேப்போம்," என்றார் நாயுடு.

"போடலாம். மேசை சமமா கீதா பாக்கணும்."

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கியது. மேசைக் காலுக்கடியில் ஒரு கடுக்காயை வைத்தார். இப்போது மறுபக்கம் ஒதுங்கியது. கடுக்காயைச் சீவினார். சீவிச் சீவி, வைத்து வைத்து, கடைசியில் தண்ணீர் நடுவில் வந்து நின்றபோது கோழிகள் அடைந்துவிட்டன. பாய் திருப்தியோடு தட்டை எடுத்துக்கொண்டு போனார். ரேடியோவை மறந்துவிட்டார். எங்களுக்கும் அதை ஞாபகப்படுத்தத் தைரியம் இல்லை.

அடுத்தது ஏரியல். புளியமரத்துக்கும் மூங்கில் கழிக்கும் நடுவே கட்டிய கம்பியைக் கிழக்கே இழுத்தார், மேற்கே இழுத்தார், ஒரு பருந்து உட்கார்ந்து எழுந்ததால் தொய்வு வந்துவிட்டதென்று மறுபடியும் இழுத்தார். அதற்கப்புறம் எர்த். ரேடியோவிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். அந்த மண் காய்ந்தால் சத்தம் கரகரக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எனவே ரேடியோ கேட்க வருகிறவர்கள் ஆளுக்கொரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சட்டம் போட்டார். ஊற்றுகிறபோது நாயுடு, தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து மாணிக்கமும் கழற்றினான். ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால் கம்பிக்குக் குங்குமம் வைத்திருந்தது. நாங்கள் பயந்துகொண்டே பாய் முகத்தைப் பார்த்தோம். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும். தண்ணி ஊத்துறதுக்கு அடையாளமா கீது," என்றார்.

ஆட்கள் உட்காருவதற்கும் முறை உண்டு. ரேடியோவுக்கு இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும்.

"மாணிக்கம், நீ அந்தாண்ட போ."

"இன்னா பாய், நான் இங்க ஒக்காந்தா சத்தம் வராதா?"

"வரும். சாஞ்சு வரும்."

"அப்ப எனுக்கு எதிரா யாரு?"

பாய் எங்களை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "கன்னியம்மாவும் கணக்கும். அப்பவும் கொறையுது. அந்த உப்பு மூட்டைய இப்படித் தள்ளு."

கன்னியம்மா எனக்கும் உப்பு மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "பொழுது சாஞ்சா சோறு ஆக்குறதா, உனுக்குப் படிக்கல்லா இருக்கறதா," என்று முணுமுணுத்தாள்.

எல்லாவற்றையும்விட விசித்திரம் பெட்ரோமாக்ஸ். ரேடியோவின் முள் தெரிவதற்காக அதைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள். பாய் அதை எங்கள் பக்கம் வைப்பார். எங்கள் முகத்தில் பளீரென்று அடிக்கும்.

"நாங்க இன்னா திருட்டுக் கூட்டமா பாய்? மூஞ்சில அடிக்கிறியே வெளிச்சத்த," என்பாள் கன்னியம்மா.

பாய் அதை இன்னும் கொஞ்சம் எங்கள் பக்கம் தள்ளுவார். எங்களைப் பார்த்தபடியே குமிழைத் திருப்புவார். நின்றதென்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் திருப்புவார். "விவசாயிகள் நாற்றங்காலில் முதலில் செய்ய வேண்டியது" என்று ஒருவர் நிதானமாக ஆரம்பிப்பார். அடுத்த கணம் வீணை வாசிப்பார்கள். "தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் காலையில் எழுந்ததும்" என்பார் ஒருவர். உடனே யாரோ இந்தியில் இருமுவார்கள். அந்தப் பருவம் முழுக்க ஜவ்வாது மலைக்கு வந்து சேர்ந்த அறிவு இப்படித்தான் தலை ஒரு ஊரிலும் வால் ஒரு ஊரிலுமாக வந்து சேர்ந்தது.

ஒரு நாள் பக்கத்து ஊர்க்கவுண்டர் வந்தார். செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே வந்து, ரேடியோவின் முகப்புக் கண்ணாடியில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி என்னிடம் கேட்டார். டெல்லி, பம்பாய், கொழும்பு என்று படித்தேன்.

"நம்ம ஊரு?"

இல்லை என்றேன். கவுண்டர் எழுந்துவிட்டார். "எங்கூரு மண்ணுல கம்பியச் சொருகிகினு, எங்கூரு தண்ணிய ஊத்திகினு, எங்கூரு பேரு இல்லியா?"

பாய் அமைதியாகச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தார். கண்ணாடியின் ஓரத்தில், எந்த ஊரும் இல்லாத இடத்தில், ஒரு புள்ளி வைத்தார். "இதான் ஜமுனாமரத்தூரு. ஒக்காருங்க." முள்ளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். உஸ்ஸென்று ஓர் ஓசை வந்தது. கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். "ஆமா," என்றார் கடைசியில். "மேக்கால இருக்கற காத்து. கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு." வீட்டுக்குப் போகும்போது அவர் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது.

பாய் இல்லாத நேரம் பார்த்து நாமே திருப்பிக்கொள்ளலாமே என்கிறீர்களா? அந்தக் குமிழைப் பிடுங்கினால் கையோடு வந்துவிடும். அதை இரவில் தொப்பியோடு சேர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று நாங்கள் முடிவுகட்டி, அதற்குப் பழகியும் விட்ட நிலையில், ஒரு சாயங்காலம் பாட்டரிக் கம்பி கழன்றுவிட்டது. ரேடியோ செத்த பாம்பாகக் கிடக்கிறது. ஒரு சின்ன உறுமல்கூட இல்லை. பாய் அதைக் கவனிக்காமல் எங்களைப் பார்த்துத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நான் நினைத்தேன். நாயுடு அன்று மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தார். நாற்காலியிலேயே தூங்கிப்போய், என்ன கனவோ, முகம் முழுக்கச் சிரித்தார். பாய் கண்ணில் அந்தச் சிரிப்பு பட்டது. குமிழிலிருந்து விரலை எடுத்தார்.

"இப்பதான் பேஷா வந்துச்சு," என்றார்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. கன்னியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாணிக்கம் அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினான்.

அப்புறம் அடுப்பங்கரையில் வைத்துச் சொன்னான். "எனுக்கு முன்னாலயே தெரியும். வாணியம்பாடி ஷாப்புல தோல் பீப்பா உருட்டுற எடத்துல வாலிபமெல்லாம் கழிச்சவரு. அந்தச் சத்தம் காதைத் தின்னுட்ச்சு. கத்தினா கேக்கும். மெல்லிசா வர்றது ஒண்ணும் கேக்காது. மொதலாளிக்குத் தெரியாது. தெரிஞ்சா வூட்டுக்குப் போவச் சொல்லிடுவாங்கன்னு பயப்படுறாரு."

மலையில் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். எங்களுக்குத் தெரியாமலிருந்ததற்கு அதுதான் காரணம்.

"அப்ப இத்தினி நாளா எதப் பாத்துத் திருப்பிகினு கீது அந்த ஆளு?" என்றாள் கன்னியம்மா. கேட்ட உடனேயே அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. கையால் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் முகங்கள்தான் அவருக்கு முள். கரகரப்பு வந்தால் யாராவது புருவம் சுருக்குவார்கள், திருப்புவார். தெளிந்தால் எங்கேயோ ஓர் உதடு தளரும், நிறுத்துவார். பாவம், கொட்டாவி விட்டாலும் திருப்புவார், மூட்டைப்பூச்சி கடித்தாலும் திருப்புவார். பெட்ரோமாக்ஸ் ஏன் எங்கள் பக்கம் பார்த்தது என்பது புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாணிக்கம் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

யாரும் பாயிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று தீர்மானம் ஆயிற்று. அதோடு இன்னொரு தீர்மானமும்: நிலையம் தெளிவாகக் கிடைத்துவிட்டால் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிரிப்பை விட்டால் அவர் திருப்பிவிடுவார். வேர்க்கடலை விலைக்குச் சிரித்தோம். வானிலை அறிக்கைக்குச் சிரித்தோம். கரும்புப் பூச்சிக்கு எந்த மருந்து அடிக்க வேண்டும் என்று சொன்னபோது பல்லெல்லாம் காட்டினோம். ஒரு நாள் காட்டிலாகா ரேஞ்சர் எட்டிப்பார்த்தார். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு பெரியவர் காலமாகிவிட்டார் என்று தழுதழுத்த குரலில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாயுடு தலைமையில் நாங்கள் நால்வரும் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தோம். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றினார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் தொப்பியைப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

இந்த நிலையில்தான் கலசப்பாக்கத்திலிருந்து என் தாய்மாமன் காலி லாரியில் ஏறி வந்து சேர்ந்தார்.

"டேய், லீவு கேட்டியா இல்லியா?"

"கடுக்காய் சீசன் மாமா. நாயுடு வுட மாட்டேன்றாரு."

"பொண்ணப் பெத்த படவேட்டுக்காரரு எத்தினி நாளு காத்துகினு இருப்பாரு? போளூர் ரைஸ் மில்லுக்காரன் வூட்லேர்ந்து வந்து கேட்டுட்டுப் போய்ட்டாங்க. நாளான்னிக்குக் காலையில நான் எறங்குறேன். ஆமா இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லியாவணும்."

"பொண்ணப் பாக்காம எப்படி மாமா?"

"பாக்கத்தான் முடியாது. கேக்கலாம்." மாமா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். "வாத்தியாரு டிரெய்னிங் படிக்குதே, அந்தப் பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்கள ரேடியோல பாடக் கூப்டுகினு கீறாங்க. நாளைக்கு சாயங்காலம், கிராம நிகழ்ச்சில. நம்ம பொண்ணு தனியாப் பாடுது. உங்க டிப்போல ரேடியோ கீதுன்னு அவருகிட்ட பெருமையா சொல்லிட்டு வந்தேன்."

"ஒரு போட்டோவாவது..."

"போட்டோல எல்லாப் பொண்ணும் ஒரே மாதிரிதான் பயந்துகினு நிக்கும். குரல்ல ஆளு தெரிஞ்சுடும். கேளு, புடிச்சிருக்கா சொல்லு."

ஊரில் எல்லோரும் பெண் பார்க்கப் போவார்கள். நான் பெண் கேட்கப் போகிறேன், அதுவும் காது கேளாத ஒரு மனிதர் திருப்புகிற ரேடியோவில். நேராகப் பாயிடம் போனேன்.

"பாய், நாளைக்கு ஒரு நாள் நானே திருப்பிக்கட்டுமா?" என்று அவர் காதருகே கத்தினேன்.

அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உன் கல்யாண விசயம்னு மாணிக்கம் சொன்னான். அதப்போயி கண்டவன் கையில குடுப்பேனா?" என்றார்.

அந்தக் கண்டவன் நான்தான். மறுநாள் முழுக்க அவர் எடைக்கு நடுநடுவே ஓடிப்போய் ரேடியோவைக் கவனித்தார். ஏரியலை இழுத்துக் கட்டினார். மேசைக்கு அடியில் புதுக் கடுக்காய் சீவி வைத்தார். எர்த்துக்கு ஊற்றிய தண்ணீரில் அங்கே ஒரு சின்னக் குளமே உண்டாகி, நாயுடுவின் வாத்து அதில் இறங்கியது. மக்ரிப் தொழுகையை முடித்துக்கொண்டு, வெளுத்த சட்டையும் அத்தருமாக வந்தார்.

"கேக்க வேண்டியவன் ஒருத்தன்தான். மத்தவங்கள்லாம் பின்னால போங்க."

அதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. நாலு பேர் சிரிப்பதாக இருந்தது ஒரே ஆள் சிரிப்பதாக ஆகிவிட்டது. நடு அறையில் ஒற்றை நாற்காலி, அதில் நான், என் முகத்தில் பெட்ரோமாக்ஸ். மாமா மட்டும் மாப்பிள்ளை வீட்டு உரிமையில் என் பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டார். அவருக்குப் பாயின் காது விசயம் தெரியாது. பாயை வைத்துக்கொண்டு சொல்லவும் முடியவில்லை.

"டேய்," என்றார் மாமா காதோடு. "பாட்டு கேட்டதும் ஈன்னு இளிக்காத. இங்க நடக்கறது நாளைக்கே லாரியில எறங்கிப் படவேட்டுக்குப் போய்டும். மாப்பிள்ளைன்னா ஒரு கெத்து வேணும். இறுக்கு மூஞ்சிய."

ரேடியோ சூடாகி, முனகி, தெளிந்தது. யாரோ உழவைப் பற்றிப் பேசி முடித்தார்கள். அப்புறம் ஓர் ஆள், "இப்போது நாற்று நடவுப் பாட்டு. பாடுபவர், படவேட்டைச் சேர்ந்த செல்வி சகுந்தலா" என்றார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. பின்னால் கன்னியம்மா களுக்கென்று சிரித்தாள். மாமா முழங்கையால் இடித்தார். நான் முகத்தை இறுக்கினேன். கருங்கல் தோற்றது.

ஒரு குரல் தொண்டையைச் செருமியது. மெல்லியதாக ஒரு வரி வந்தது.

பாய் என் முகத்தைப் பார்த்தார். கருங்கல்லைப் பார்த்தார். சரியில்லை என்று நினைத்துக்கொண்டார். இரண்டு விரலால் குமிழைத் திருப்பினார்.

போயிற்று. எந்த மொழியென்று தெரியாத ஒரு மொழியில் ஒருவர் யாரையோ திட்டினார்.

"பாய், திருப்பாதீங்க," என்று மாணிக்கம் கத்தினான். நாயுடு எழுந்து நின்று "வெனக்கி, வெனக்கி" என்று தெலுங்கில் பின்னால் திருப்பச் சொன்னார். மாமா கையை ஆட்டினார், தலையில் அடித்துக்கொண்டார். நான் நாற்காலியில் இருந்தபடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று விரலால் காட்டினேன். வாழ்நாள் முழுக்கக் கத்துகிறவனையும் கையாட்டுகிறவனையும் பொருட்படுத்தாமல் நின்ற மனிதர் அவர். தட்டு ஆடுகிறது, அதனால் கத்துகிறார்கள். முள் நிற்கவில்லை, அவ்வளவுதான். என் முகத்தில் இருந்த கலவரத்தைப் பார்த்து இன்னும் திருப்பினார். ஒரு ஷெனாய் அழுதது. ஒரு பட்டாளத்து பாண்டு நடந்துபோனது. போளூர் ரைஸ் மில்லில் நெல் அரைபடுகிற சத்தம்கூடக் கேட்டதுபோல் இருந்தது எனக்கு.

பிறகு மெதுவாக, மிக மெதுவாக, எதிர்ப்பக்கம் திருப்ப ஆரம்பித்தார். பாண்டு வந்தது. ஷெனாய் வந்தது. திட்டுகிற ஆள் வந்தார். அடுத்தது அவள்தான். வந்தாள், நான் மாமாவின் முழங்கைக்கு அஞ்சி அரைக்கணம் தயங்கினேன், தாண்டிப் போய்விட்டாள். பாய் நெற்றியில் வியர்வையைப் பார்த்தேன். அத்தர் பூசிக்கொண்டு வந்த மனிதர், ஒரு பாட்டைத் தன் காதால் கேட்க முடியாமல், என் முகத்தில் அதைத் தேடித் தேடித் தவித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் விரலை மடக்கித் திருப்பினார். அந்தக் குரலின் நுனி கேட்டது.

கெத்தாவது ஒன்றாவது. சிரித்தேன். உள்ளே எத்தனை பல் உண்டோ அத்தனையும் காட்டிச் சிரித்தேன்.

விரல் நின்றது. பாய் குமிழிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

அந்தக் குரல் மலையேறி வந்து எங்கள் மூட்டைகளுக்கு நடுவே நின்றது. பெரிய சங்கீதம் ஒன்றுமில்லை. மூச்சு வாங்கக் கூடாத இடத்தில் மூச்சு வாங்கினாள். அதை மறைக்க அடுத்த வரியை ஓடிப்போய்ப் பிடித்தாள். பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அதற்கடுத்த வரியைக் கொஞ்சம் உரக்கவே பாடினாள். வயலில் ஒருத்தி முன்னால் போய்விட, பின்தங்கினவள் சேற்றைத் தெறித்துக்கொண்டு எட்டிப் போவதுபோல இருந்தது. பாய்க்காகப் போட்ட சிரிப்பு எப்போது என்னுடையதாக ஆயிற்றென்று எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்து, மண்வளம் பற்றி யாரோ பேச ஆரம்பித்த பிறகும் அதை எடுத்து உள்ளே வைக்க முடியவில்லை.

"போதும்டா," என்றார் மாமா. "பல்லு காஞ்சுபூடப் போவுது. நான் இன்னா சொல்லணும் அவங்ககிட்ட?"

நான் தரையைப் பார்த்தேன்.

"முள்ளு நின்னுட்ச்சுன்னு சொல்லுங்க," என்றார் பாய்.

மாமாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் பக்கம் சாய்ந்து, "நீங்க பெரியவரு. நீங்க சொல்லுங்க பாய். பாட்டு எப்படி?" என்று உரக்கவே கேட்டார்.

நாயுடு இருமினார். மாணிக்கம் தூணைப் பார்த்தான். பாய் என் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் என் முகத்தை அவசரமில்லாமல் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு கொறையும் இல்ல."

வெள்ளிக்கிழமை காலை லாரியில் மாமா ஆமாவோடு இறங்கினார். அடுத்த ஆனியில் கல்யாணம். அதற்கப்புறம் நான் மலையை விட்டு வேலூரில் வேலைக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் மத்தியானம் வாசலில் ஒருவர் நின்றார், ஒரு தோள் இறங்கி. வாணியம்பாடியில் மகள் வீட்டுக்குப் போனவர் அங்கிருந்து பஸ் ஏறி வந்தாராம். சாப்பிட்டார். மலையில் கன்னியம்மா வைக்கிற ரசத்தைத் திட்டினார். எழுந்திருக்கும்போது, "தங்கச்சி, அந்தப் பாட்ட ஒரு தபா பாடேன்," என்றார்.

சகுந்தலா வெட்கப்பட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். தராசு பாய் என்னைப் பார்த்து, "நாற்காலிய ஜன்னல் பக்கம் போட்டுக்க," என்றார். போட்டுக்கொண்டேன். எனக்கு எதிரில், அவளுக்கு முதுகைக் காட்டி, முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் பாடி முடிக்கிறவரை நான் முகத்தை வேறு எந்தப் பக்கமும் திருப்பவில்லை.